டச்சு அவன் என்பது அடுப்பு அல்ல, பானை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கோழிச் சமையலைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை, இருபது ஆண்டுகளாக ஜார்ஜியா மாநிலத்தில் வசித்துவரும் வாசகி என்ற முறையில் ஆவலோடு படித்தேன். அந்தச் சமையலுக்குத் தமிழ் இதழ் ஒன்று முழுப் பக்கத்தை ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 'டச்சு அவன்' (Dutch oven) என்ற பாத்திரத்தின் பெயர் கட்டுரை நெடுகிலும் 'டச்சு அடுப்பு' என்றே எழுதப்பட்டிருக்கிறது. செய்முறையிலோ, 'டச்சு அடுப்பை இருபது நிமிடம் சூடேற்றி, அதனுள் கோழி உள்ள பாத்திரத்தை வைக்கவும்' என்று இருக்கிறது. எழுதியவர் அந்தப் பொருளைக் கண்ணால் கண்டதில்லை என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கட்டுரை வெளியான அன்று மாலையே என் தங்கை தொலைபேசியில் அழைத்து, "அக்கா, அந்த டச்சு அடுப்பு எத்தனை வாட்? கோழிக்கு எந்தப் பொத்தானை அழுத்தணும்?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அச்சில் வந்ததை நம்பித்தான் கேட்டாள்.

டச்சு அவன் என்பது கனத்த வார்ப்பிரும்புப் பானை. தடித்த சுவரும், தட்டையான அடியும், இரு பக்கமும் கைப்பிடியும், விளிம்போடு இறுகப் பொருந்தும் கனத்த மூடியும் கொண்டது. வீடுகளில் பெரும்பாலும் 5 அல்லது 6 குவார்ட் அளவில், அதாவது ஏறக்குறைய ஐந்து ஆறு லிட்டர் கொள்ளளவில் இருக்கும். எனாமல் பூசிய 6 குவார்ட் பானை ஒன்று வெறுமையாகவே ஆறு கிலோ அளவுக்குக் கனக்கும். அதில் கோழியும் குழம்பும் நிறைந்திருக்கும்போது ஒரு கையால் தூக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அதற்கு மின்கம்பியும் இல்லை, பொத்தானும் இல்லை. அடுப்பின் மேல் வைக்கலாம், 'அவன்' எனப்படும் மூடிய சூட்டடுப்புக்குள்ளும் வைக்கலாம். தென்மாநிலத்துச் சமையல் குறிப்புகள் பலவற்றில் முதலில் அடுப்பின் மேல் வைத்துச் சிவக்கவிட்டு, பிறகு மூடியோடு அவனுக்குள் வைக்கச் சொல்வார்கள். இதைத் தமிழில் அப்படியே எழுதினால் 'அவனை அவனுக்குள் வைக்க வேண்டும்' என்று வேதாந்தம் போல ஒலிக்கும். கட்டுரையாளர் தடுமாறியதும் ஒருவேளை இந்த இடத்தில்தானோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

பெயர் வந்த விதமும் இதற்குத் தொடர்புடையதே. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆபிரகாம் டார்பி என்பவர் 1704ஆம் ஆண்டில் நெதர்லாந்துக்குச் சென்று, அங்கே மணல் அச்சில் பித்தளைப் பாத்திரங்கள் வார்க்கப்படும் முறையைக் கண்டறிந்தார். பித்தளையைவிட மலிவான இரும்பை அதே போல மணலில் வார்த்துப் பானை செய்வதற்கு 1707இல் காப்புரிமையும் பெற்றார். 'டச்சு' என்ற அடைமொழி அதிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். டச்சு வணிகர்கள் இத்தகைய பானைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றதால் வந்தது என்று கூறுவோரும் உண்டு. 'அவன்' என்ற பகுதிக்கோ தெளிவான காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றக் காலத்து வீடுகளில் கணப்பு நெருப்பில்தான் சமையல். மூன்று கால்களும், மேலே விளிம்பு எழும்பிய தட்டை மூடியும் கொண்ட பானையைத் தணல்மேல் நிறுத்தி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். கீழிருந்தும் மேலிருந்தும் சூடு வருவதால், ரொட்டி சுடும் அடுப்பு செய்யும் வேலையை அந்தப் பானையே செய்துவிடும். இன்றும் காடுகளில் முகாம் அமைத்துச் சமைப்பவர்கள் இந்தக் கால்வைத்த பானையையே பயன்படுத்துகிறார்கள். 12 அங்குலப் பானை என்றால் அந்த எண்ணுக்கு இரு மடங்காக 24 கரிக்கட்டிகளை எடுத்து, 16ஐ மூடியின் மேலும் 8ஐ அடியிலும் வைத்தால், காற்று அடிக்காத இடத்தில் உள்ளே 350 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குச் சூடு நிற்கும் என்பது அவர்களுடைய கைக்கணக்கு. அது மாவு வேகவைப்பதற்கான பங்கீடு. குழம்பு கொதிக்க வேண்டுமானால் கரியின் பெரும்பகுதி அடிக்குப் போய்விடும். யூட்டா 1997இலும், ஆர்கன்சா 2001இலும், டெக்சஸ் 2005இலும் இந்தப் பானையைத் தங்கள் மாநிலத்தின் அடையாளச் சமையற்கலமாக அறிவித்திருக்கின்றன. மாநில மரம், மாநிலப் பறவை என்பவற்றோடு மாநிலப் பானையும் உண்டு என்று அறிந்தபோது எனக்கே வியப்பாகத்தான் இருந்தது.

'இரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் கோழி விரைவில் வெந்துவிடுகிறது' என்று கட்டுரை சொல்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அதனோடு பானையின் கனமும் சேர்வதால்தான் அது சூடேறவும் நேரம் எடுக்கிறது, ஆறவும் நேரம் எடுக்கிறது. அந்த மந்தத்தனம்தான் அதன் சிறப்பே. குளிர்ந்த இறைச்சித் துண்டுகளை மெல்லிய பாத்திரத்தில் போட்ட மாத்திரத்தில் பாத்திரத்தின் சூடு சட்டென்று இறங்கிவிடும். கோழி நீர்விட்டு, சிவக்காமல், வெளுத்து வேகத் தொடங்கிவிடும். கனத்த இரும்பில் சேர்ந்திருக்கும் சூடு அவ்வளவு எளிதில் இறங்காது. தோல் பொன்னிறமாகச் சிவக்கும். மூடியைப் போட்ட பிறகு நடப்பது வேறு. கனத்தால் மூடி விளிம்பில் அழுந்திக் கிடப்பதால் ஆவி வெளியேறாமல் மூடியின் அடிப்பக்கத்தில் துளித்துளியாகத் திரண்டு மீண்டும் இறைச்சியின் மேலேயே சொட்டுகிறது. சில மூடிகளின் உட்புறத்தில் அரிசிமணிகள் போன்ற சிறு முளைகள் இருப்பது, நீர் விளிம்போரமாக வழிந்துவிடாமல் பரவலாகச் சொட்டுவதற்காகத்தான்.

இனி, கட்டுரை 'மூச்சடைத்த கோழி' என்று மொழிபெயர்த்திருக்கும் உணவுக்கு வருகிறேன். 'ஸ்மதர்டு சிக்கன்' என்பது வறுத்த கோழியை வெங்காயக் குழம்பில் அமிழ்த்தி, மூடி, சிறு தீயில் நெடுநேரம் வேகவிடுவது. 'குழம்பில் புதைத்த கோழி' என்றால் பொருள் கெடாமல் இருந்திருக்கும். இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் தெருவில் வசித்த, எண்பது வயதைக் கடந்த, ஆப்பிரிக்க அமெரிக்கரான ஓர் அம்மையாரிடம். அவருடைய பானை அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. எனாமல் இல்லாத கறுப்பு இரும்பு. உட்புறம் நன்கு பழகிய தோசைக்கல் போல மினுங்கும். கோழியின் தொடையையும் காலையும் மட்டுமே எடுப்பார். 'நெஞ்சுக்கறி நோயாளிகளுக்கு' என்பது அவருடைய தீர்ப்பு. முதல்நாள் இரவே உப்பும் மிளகுத்தூளும் பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்த்தூள் சிறிதும் தடவி வைத்துவிடுவார். மறுநாள் காலையில் துண்டுகளின் ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, மைதா போட்ட காகிதப் பைக்குள் இரண்டிரண்டாகப் போட்டுக் குலுக்குவார். அடுப்பருகே ஒரு தகரக் குவளையில் பன்றிக்கொழுப்பு எப்போதும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். நான் வந்தால் எனக்காகத் தாவர எண்ணெயை எடுப்பார், ஆனால் முகம் சுளித்துக்கொண்டே எடுப்பார்.

எண்ணெய் சூடானதும் தோல் பக்கம் கீழே இருக்குமாறு துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, ஆறேழு நிமிடம் தொடவே மாட்டார். நான் கரண்டியோடு நெருங்கினால் கையைத் தட்டிவிடுவார். சிவந்த தோல் தானாகவே இரும்பிலிருந்து விடுபடும். விடுபடாத கோழி இன்னும் சிவக்கவில்லை என்பது அவர் கணக்கு. இரு பக்கமும் சிவந்த பிறகு துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி அளவுக்கு மட்டும் கொழுப்பை விட்டுவைத்து, நீளமாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயங்களை அதில் வதக்குவார். வெங்காயம் துவண்டதும் மூன்று மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, வேர்க்கடலைத் தோலின் நிறம் வரும்வரை கிளறுவார். பிறகு கோழிச்சாறு மூன்று கிண்ணம் சிறிது சிறிதாக ஊற்றி, அடியில் ஒட்டிய சிவந்த பொருக்கை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைப்பார். குழம்பின் சுவையெல்லாம் அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. கட்டுரையிலோ, 'ஒட்டாத பாத்திரத்தைப் பயன்படுத்துவது நலம்' என்று ஒரு குறிப்பு. ஒட்டாத பாத்திரத்தில் பொருக்கு ஏது, பொருக்கில்லாமல் அந்தக் குழம்பு ஏது?

கோழித் துண்டுகளை மீண்டும் குழம்பில் இட்டு மூடியைப் போட்ட பிறகு அவர் செய்த காரியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. காதைப் பானையருகே கொண்டுபோய்ச் சிறிது நேரம் கேட்பார். உள்ளே முணுமுணுப்பு இருந்தால் தீ சரி. சளசளப்புக் கேட்டால் தீயைக் குறைக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பது அவரைப் பொறுத்தவரை ஒழுங்கீனம். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் தொடைக்கறி எலும்பை விட்டு நழுவும் பதத்துக்கு வந்துவிடும். கரண்டியின் புறத்தில் படிந்த குழம்பில் விரலால் கோடிழுத்தால் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். வெள்ளைச் சோற்றின் மேல் அதை ஊற்றிக் கொடுத்தபோது, ஊரை விட்டு வந்து மூன்றாம் மாதத்தில் இருந்த எனக்குக் கண் கலங்கியது. அதற்கு மிளகு மட்டும் காரணமில்லை.

இறைச்சி வெந்ததா என்பதைப் பற்றியும் ஒரு சொல். கோழியின் உட்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வரையறை. கட்டுரையில் இந்த எண் சரியாகவே இருக்கிறது. ஆனால் அது பாதுகாப்புக்கான எண். பதத்துக்கான எண் அன்று. தொடையிலும் காலிலும் உள்ள இணைப்புத்திசு கரைந்து கூழ்மமாக மாற 185 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிப் போக வேண்டும், அங்கே சிறிது நேரம் நிற்கவும் வேண்டும். நெஞ்சுப்பகுதி அந்த வெப்பத்தில் பஞ்சாகிவிடும். அம்மையார் நெஞ்சுக்கறியை ஒதுக்கியது வெறும் விருப்பு வெறுப்பு அன்று என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பச்சைக் கோழியைக் கழுவினால் கிருமிகள் தெறித்துத் தொட்டியெங்கும் பரவும் என்பதால் கழுவக் கூடாது என்றும் அதே துறை சொல்கிறது. தமிழ் வீடுகளில் இதை எவரும் ஏற்கப்போவதில்லை. இருபது ஆண்டு ஆகியும் நானும் முழுதாக ஏற்கவில்லை. கழுவியே தீர வேண்டுமென்றால் பிறகு ஈரத்தை முற்றிலும் ஒற்றி எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன். ஈரக் கோழி சிவக்காது.

அடுத்தது டம்ப்ளிங். கோழிச்சாற்றில் மாவுத் துண்டுகளை வேகவைக்கும் இந்த உணவுக்கு 'மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து கிளறவும்' என்று அச்சாகியிருக்கிறது. இதில் இரண்டு பிழைகள். முதலாவது, நேரம். பண்ணைக் கோழித்தொழில் பெருகுவதற்கு முன்பு தென்மாநிலக் குடும்பங்களில் கோழியை வளர்த்தது முக்கியமாக முட்டைக்காக. வசந்தத்தில் கிடைக்கும் இளஞ்சேவல்கள் பொரிப்பதற்கு. முட்டையிடுவது நின்றுபோன முதிய பெட்டை டம்ப்ளிங்குக்கு. அந்த முதிய கோழியின் இறைச்சி மெல்லென்று ஆக இரண்டு மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் சாறும் செறிந்தது. இன்று அங்காடியில் கிடைக்கும் பிராய்லர் பெரும்பாலும் ஆறேழு வாரக் குஞ்சு. அதை மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் பானையில் மிஞ்சுவது நார்தான். ஒரு மணி நேரத்துக்குள் இறைச்சியை எடுத்துப் பிய்த்து வைத்துவிட்டு, எலும்புகளை மட்டும் மேலும் கொதிக்கவிடுவதே சரி.

இரண்டாவது பிழை, கிளறச் சொன்னது. டம்ப்ளிங்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாவைத் தட்டையாக விரித்து நாடாக்களாக நறுக்கிக் கொதிக்கும் சாற்றில் போடுவது. மற்றது, தளர்ந்த மாவைக் கரண்டியால் அள்ளிச் சாற்றின் மேல் மிதக்கவிடுவது. எது அசல் என்று கேட்டால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு பதில் கிடைக்கும். அந்த வழக்கில் தலையிட எனக்குத் துணிவில்லை. கட்டுரையில் தரப்பட்டிருப்பது இரண்டாவது வகை. மைதா இரண்டு கிண்ணம், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் சிறிது, கெட்டியான மோர் முக்காலிலிருந்து ஒரு கிண்ணம் என்பது பொதுவான அளவு. பசைப்புரதம் குறைந்த மென்கோதுமை மாவுதான் இதற்கு உகந்தது. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் 1883இல் தொடங்கிய ஒயிட் லில்லி என்ற மாவைத் தென்மாநிலத்துப் பெண்கள் விடாப்பிடியாகத் தேடி வாங்குவது இதற்காகத்தான். மாவை அழுத்திப் பிசையாமல், ஈரம் பட்ட அளவில் நிறுத்திவிட வேண்டும்.

சாற்றின் மேல் மிதக்கும் உருண்டையின் கீழ்ப்பாதி சாற்றில் வேகிறது. மேல்பாதி வேகுவது மூடிக்குள் அடைபட்ட ஆவியில் மட்டுமே. பேக்கிங் பவுடரிலிருந்து எழும் வாயு மாவை உப்பவைத்து, அந்த உப்பல் இறுகுமுன் மூடியைத் திறந்தால், ஆவி போய், உருண்டை அமுங்கி, மேலே பச்சை மாவும் கீழே களியுமாகிவிடும். இட்லிப் பானையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து கிளறுபவர் உலகில் உண்டா? பதினைந்து நிமிடம் மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் முதன்முதலில் செய்தபோது ஆவல் தாங்காமல் நான்கு முறை திறந்தேன். மேசைக்கு வந்தது கோழிச்சுவை கொண்ட சுவரொட்டிப் பசை. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் உண்டார், பிள்ளைகள் அப்படியில்லை.

'டின்னர்' என்ற சொல்லை 'இரவு விருந்து' என்று பெயர்த்ததும் பொருந்தாது. தென்மாநிலத்துப் பழைய வழக்கில் டின்னர் என்பது நண்பகல் உணவு; இரவு உணவுக்குப் பெயர் சப்பர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து திரும்பியதும் குடும்பம் கூடி உண்பதுதான் 'சண்டே டின்னர்'. கோழிக்கே கறுப்பின மக்களிடையே 'காஸ்பெல் பேர்ட்' (நற்செய்திப் பறவை) என்றொரு செல்லப்பெயர் உண்டு. போதகர் விருந்துக்கு வரும் நாளில் அறுக்கப்படும் பறவை என்பதால். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காலையில் கோழியைச் சிவக்கவிட்டு, குழம்பில் புதைத்து, மூடி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உள்ள அவனுக்குள் தள்ளிவிட்டுத் தேவாலயத்துக்குப் போய்விடலாம். பாடலும் பிரசங்கமும் முடிந்து திரும்பும்போது சமையல் முடிந்திருக்கும். அடுப்பங்கரையில் ஆளில்லாமல், அடி பிடிக்காமல் சமைக்க வேண்டும் என்பதே அந்தப் பானையின் தேவை. 'இரவு விருந்து' என்று எழுதியதும் அந்தக் காரணம் மறைந்துபோகிறது.

கட்டுரையின் வேறொரு குறை என்னைக் கூடுதலாகவே உறுத்தியது. தென்மாநிலக் கோழிச் சமையலை உலகுக்குத் தந்தவர் கென்டக்கியைச் சேர்ந்த வெள்ளைத்தாடிக் கர்னல் என்ற தொனியில் அது முடிகிறது. அந்தக் கர்னல், அதாவது கே.எஃப்.சி. உணவகங்களை நிறுவிய ஹார்லண்ட் சாண்டர்ஸ், கார்பின் என்ற ஊரில் தம் சாலையோர உணவகத்தில் கோழி பொரித்தார் என்பதும், நேரத்தை மிச்சப்படுத்த 1939இல் பிரஷர் குக்கருக்கு மாறினார் என்பதும் உண்மைதான். அது டச்சு அவன் சமையலே அன்று. வீட்டுப் பிரஷர் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பொரிக்க எவரும் முயல வேண்டாம் என்றும் கட்டுரை எச்சரித்திருக்க வேண்டும். வர்ஜீனியாவின் மேரி ராண்டால்ஃப் 1824இலேயே கோழி பொரிக்கும் முறையை அச்சில் தந்துவிட்டார். அக்காலத்துப் பண்ணைவீடுகளின் அடுக்களையில் நின்று பொரித்த கைகளோ பெரும்பாலும் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்களின் கைகள். விடுதலைக்குப் பிறகு, வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழியைத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, ரயில் சன்னல் வழியாகப் பயணிகளுக்கு விற்றுக் குடும்பத்தை நிறுத்தினார்கள். அலபாமாவின் மான்ட்கோமரியில் 1955, 56ஆம் ஆண்டுகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்துக்கு ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்கார அம்மையார், தோழியரோடு சேர்ந்து கோழியும் பலகாரமும் விற்று நிதி திரட்டிக்கொடுத்தார். ஒரு முழுப் பக்கத்தில் இவர்களுக்கு ஒரு வரி இல்லை.

அரிசியும் இப்படித்தான் விடுபட்டிருக்கிறது. தென் கரோலினாவின் நெல்வயல்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பாலும் பயிர் அறிவாலும் செழித்தவை. அங்கே கோழியையும் அரிசியையும் ஒரே பானையில் வேகவைக்கும் 'பெர்லோ' என்ற உணவு நமக்கெல்லாம் தெரிந்த புலாவின் உறவு. பெயரும் அதன் திரிபே. அதே மாநிலத்தின் பீ டீ பகுதியில் கோழி, புகையூட்டிய சாசேஜ், நீள அரிசி மூன்றையும் குழைய வேகவைத்து 'சிக்கன் பாக்' என்பார்கள்; 'பாக்' என்றால் சேற்றுநிலம். லோரிஸ் என்ற சிற்றூரில் அதற்கென்று ஆண்டுதோறும் திருவிழாவே நடக்கிறது. தமிழ் வாசகர் முதல் முயற்சிக்கு எடுத்துக்கொள்ள எளிதானது இதுதான் என்பேன்.

தமிழ் இதழ் ஒன்று எப்படித் தவறவிட்டதென்று வியக்கவைக்கும் உணவும் ஒன்றுண்டு: 'கன்ட்ரி கேப்டன்'. கோழியைச் சிவக்கவிட்டு, வெங்காயம், குடைமிளகாய், தக்காளி, கறிப்பொடி சேர்த்து வேகவைத்து, உலர்திராட்சையும் வறுத்த பாதாமும் தூவி, சோற்றோடு பரிமாறுவார்கள். ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் சிகிச்சைக்காகத் தங்கிய அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு விருப்பமான உணவு இது. ஆங்கிலேய இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, வங்காளத்தில் இது ஒருவகை உலர்ந்த கறி என்றும், சென்னையில் வெங்காயமும் கறிப்பொருள்களும் சேர்த்துச் சமைத்த பிளந்த கோழியை இப்பெயரால் அழைப்பார்கள் என்றும், சென்னை வழக்கே மூல வடிவமாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. அக்காலத்து ஆங்கிலேயர் வாயில் 'கன்ட்ரி' என்பது நம் 'நாட்டு' என்ற அடைமொழிதான். நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை என்பதைப் போல. சென்னையில் புறப்பட்டதாகக் கருதப்படும் ஒரு கோழிக்கறி ஜார்ஜியாவில் தென்மாநிலத்து மரபுணவாக அமர்ந்திருக்கிறது. இதைச் சமைக்க மட்டும் எனாமல் பூசிய பானையை எடுக்க வேண்டும்; வெறும் இரும்பில் தக்காளி நெடுநேரம் கொதித்தால் உலோகச் சுவை ஏறும், பழகிய பூச்சும் கரையும்.

பராமரிப்பைப் பற்றிக் கட்டுரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியே. சூடான எனாமல் பானையில் குளிர்நீர் ஊற்றினால் பூச்சு விரிசல் விடும் என்பதையும், கண்ணாடி அடுப்பின் மேல் பானையை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும் என்பதையும் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பொரிப்பதென்றால் பானையின் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. எண்ணெய் 325 முதல் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் நிற்க வேண்டும்; கோழி போட்டதும் சூடு சிறிது இறங்கும் என்பதால் முதலில் மேல்வரம்பில் வைத்துத் தொடங்குவது வழக்கம்.

என் தங்கை மின்சார அடுப்பு வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, பரணிலிருந்து பாட்டி காலத்துக் கனத்த இரும்புச் சட்டியை இறக்கியிருக்கிறாள். துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, மூன்று முறை காயவைத்துப் பழக்கியும் ஆயிற்று. மூடி சரியாகப் பொருந்தாததால் அதன்மேல் அம்மிக் குழவியை வைக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக வைக்கலாம் என்றேன். அவள் சமைக்கப்போவது தங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டுதான். ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில் 'டச்சு அடுப்பு' என்பதை 'வார்ப்பிரும்புப் பானை' என்றும், மூன்று மணி நேரம் என்பதை ஒரு மணி நேரம் என்றும் திருத்தி, 'ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து கிளறவும்' என்ற வரியை அடியோடு நீக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடப் பற்றாக்குறை இருந்தால் அந்தக் கடைசித் திருத்தத்தை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஜார்ஜியா, அமெரிக்கா